கொட்டகைக்குள்ள யார் யார் இருந்தாங்க

பத்மநாபபுரம் அரண்மனை பாக்க வர்ற வெளியூர்க்காரங்களைக் கவனிச்சிருக்கீங்களா? தாய்க்கொட்டாரத்து மரவேலையைப் பார்த்து ஒரு தடவை வாய் பிளப்பாங்க. ஊட்டுப்புரையில ஒரு தளத்துக்கு 1000 பேர்னு ரெண்டு தளத்திலயும் 2000 பேர் ஒரே நேரம் சாப்பிட்டாங்கன்னு கைடு சொல்லும்போ இன்னொரு தடவை. அதுக்கப்புறம் கால் வலிச்சுப் போயிரும். நவராத்திரி மண்டபத்தைச் சட்டுனு தாண்டி வெளியே ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருவாங்க.

எனக்கு அந்த மண்டபத்துல நிக்கத்தான் பிடிக்கும். கல் தூணு, கண்ணாடி மாதிரி தேய்ச்ச கறுப்புத் தரை. பாட்டும் நாட்டியமும் நடந்த இடம். அரண்மனைப் பெண்கள் மரச்சட்டம் அடிச்ச மறைவுக்குப் பின்னால இருந்து துளை வழியாப் பார்த்தாங்க. அந்தத் துளையில கண்ணை வச்சுப் பாத்தா மண்டபம் முழுசாத் தெரியும். வெளியே இருந்து பாத்தா உள்ள இருக்கிற ஆள் தெரியாது. கட்டினவன் கெட்டிக்காரன்.

ஆனா ஒரு விவசாயி அங்க நின்னா வேற ஒரு கேள்வியும் வரும். ஊட்டுப்புரையில உக்காந்து சாப்பிட்டது பிராமணங்க. நாஞ்சில் நாட்டு வயல்ல நெல்லு விளைவிச்சவன் அந்தப் பந்தியில இல்ல. மண்டபத்துப் பாட்டையும் அவன் உக்காந்து கேட்டிருக்க மாட்டான். அப்ப நம்ம சனம் முதன்முதலா எந்தக் கூரைக்குக் கீழ, யார் பக்கத்துல, 'நீ யாரு'ன்னு ஒருத்தரும் கேக்காம உக்காந்து ஒரு கலையைப் பாத்தாங்க? கொஞ்ச நாளா இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். யோசிச்சு வந்து நின்ன இடம் சினிமாக் கொட்டகை.

கோவில் இருந்ததேன்னு கேப்பீங்க. இருந்தது. கொடைக்கு வில்லுப்பாட்டு, திருவட்டாறு மாதிரி பெரிய கோவில் திருவிழாவுக்குக் கதகளி, எல்லாம் இருந்தது. ஆனா எங்க நின்னு பாக்கணும்னு ஒரு கணக்கும் கூடவே இருந்தது. சுசீந்திரத்துல கோவில் தெருவுல எல்லாரும் நடக்கணும்னு சொல்லி 1926ல சத்தியாகிரகம் நடந்த நாடு இது. உள்ள போறது இல்ல, தெருவுல நடக்கிறது. கோவிலுக்குள்ள எல்லாரும் போகலாம்னு திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் விளம்பரம் செஞ்சது 1936 நவம்பர் 12. அதுவரைக்கும் மேளச் சத்தம் மட்டும் மதில் தாண்டி வந்திருக்கும்.

சினிமாவுக்கு முன்னாலயே நம்ம பக்கம் திரை உண்டு. தோல்பாவைக்கூத்து. வெள்ளைத் துணிக்குப் பின்னால விளக்கு, விளக்குக்கும் துணிக்கும் நடுவுல ஆட்டுத்தோல் பாவை. வீட்டுக்குள்ள மராத்தி பேசுற குடும்பங்கள் ஊர் ஊராப் போய் ராமாயணம் நடத்தினாங்க. அ.கா. பெருமாள் அவங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். ராமன், சீதையை விட சனம் காத்துக்கிட்டு இருந்தது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். நான் பாத்ததுல சாக்கும் ஓலையும் வச்சு மறைச்சிருப்பாங்க, வாசல்ல காசு வாங்கிட்டு உள்ள விடுவாங்க. பின்னால வந்த சினிமாக் கூடாரத்துக்கும் இதே அமைப்புதான்: ஒரு திரை, ஒரு விளக்கு, நாலு பக்கம் மறைப்பு, வாசல்ல சில்லறை.

அந்தச் சினிமாக் கூடாரத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், திருச்சியில ரயில்வேயில படம் வரையுற உத்தியோகம். 1905ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கிட்டுத் திருச்சிக்கு வந்த இடத்துல உடம்பு சரியில்லாமப் போச்சு. அவர் கையில இருந்த புரொஜெக்டரையும் படங்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அதுல ஏசுநாதர் வாழ்க்கைப் படமும் இருந்தது. ரயில்வே வேலையை விட்டுட்டு ஊர் ஊராக் கூடாரம் அடிச்சுக் காட்டினார். மாசச் சம்பளத்தை விட்டுட்டு ஒருத்தர் இப்படிப் போனா இன்னைக்கும் வீட்டுல விட மாட்டாங்க. வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போயிட்டு வந்து, 1914ல கோயம்புத்தூர்ல நிரந்தரமா ஒரு கட்டடம் கட்டினார். பேரு வெரைட்டி ஹால். இன்னைக்கும் அந்தத் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு. பின்னால டிலைட் தியேட்டர்னு மாறி, நூறு வருஷத்துக்கு மேல நின்னு, இப்ப இடிபட்டுப் போச்சு.

'சினிமா ஹால்'னு வைக்காம 'வெரைட்டி ஹால்'னு வச்சதை நான் முக்கியமா நினைக்கிறேன். அன்னைக்கு அரங்குன்னா ஒரே ஒரு காரியத்துக்கான இடம் இல்ல. நாடகக் கொட்டகைதான் முதல்ல. சினிமா அதுக்குள்ள குடிவந்த வாடகைக்காரன். நிரந்தரத் தியேட்டர் வந்தப்பவும் திரைக்கு முன்னால நல்ல அகலமா மேடை விட்டுத்தான் கட்டினாங்க. படம் இல்லாத நாளில நாடகம், கச்சேரி, பொதுக்கூட்டம்.

நம்ம நாகர்கோவில் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் கதை எல்லாருக்கும் தெரியும். 1908ல பிறந்தவர், வீட்டுல கஷ்டம், நாடகக் கொட்டகையில சோடா, முறுக்கு வித்த பையன். வித்துக்கிட்டே நாடகத்தைப் பாத்தார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில சேர்ந்து நடிகரானார். வில்லுப்பாட்டைக் கோவில் கொடையில இருந்து பொது மேடைக்குக் கொண்டு வந்தவங்கள்ல அவர் முக்கியமானவர். ஒரு கொட்டகையில சோடா விக்கிற பையன் உள்ள போக முடிஞ்சதாலதான் கலைவாணர் உருவானார்னு சொன்னா மிகையில்ல. நவராத்திரி மண்டபத்துல சோடா வித்திருக்க முடியாது பாத்துக்கிடுங்க.

இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ல தமிழ் சினிமாவையும் அரசியலையும் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதுல அவர் சொல்ற விஷயம் எனக்கு மண்டையில நல்லா உறைச்சது. தமிழங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்து ஒரு கலையைப் பாத்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்க இடத்தைத் தீர்மானிச்சது சாதி இல்ல, காசு, அப்படிங்கிறார். தரை, பெஞ்சு, சேர். எந்தச் சாதின்னு டிக்கெட் குடுக்கிறவன் கேக்கல. கேட்டா அவனுக்கு வியாபாரம் நடக்காது. சமத்துவம் பேசி வந்த மாற்றம் இல்ல இது, கல்லாப்பெட்டி கொண்டு வந்தது.

இதைப் படிச்சிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டுற முடியாது. ஏன்னா நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர் எடுத்த படத்தோட கதை இருக்கு.

ஜே.சி. டேனியல். 1900ல பிறந்த அகஸ்தீஸ்வரத்துக்காரர். களரி படிச்சவர், 1915லயே வாள்வீச்சைப் பத்தி இங்கிலீஷ்ல புத்தகம் போட்டவர். சினிமா எடுக்கணும்னு பைத்தியம் பிடிச்சு, நிலத்தை வித்து, திருவனந்தபுரம் பட்டத்துல திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்னு ஸ்டுடியோ போட்டார். நிலத்தை வித்துச் சினிமா எடுத்தவன்னு கேட்டாலே நம்ம மாதிரி ஆளுக்கு அடிவயிறு கலங்கும். அவர் எடுத்த 'விகதகுமாரன்'தான் மலையாளத்தோட முதல் படம். ஊமைப் படம். வெளியான வருஷத்துக்கு 1928, 1930னு ரெண்டு கணக்கு உண்டு. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர்ல திரையிட்டாங்க.

அதுல கதாநாயகி பி.கே. ரோசி. புல்லறுத்துப் பிழைச்ச தலித் குடும்பத்துப் பெண். காக்காரிசி நாடகத்துல நடிச்சுப் பழக்கம் உண்டு. படத்துல அவங்களுக்கு நாயர் பெண் வேஷம். திரையில அதைப் பாத்த மேல்சாதிக்காரங்க கல்லெடுத்துத் திரையில எறிஞ்சாங்க. ரோசி குடும்பத்தோட குடிசையைக் கொளுத்தினாங்க. தான் நடிச்ச படத்தை அந்த அரங்குல உக்காந்து பாக்க அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து வைக்கல. ஒரு லாரியில ஏறித் தப்பி நாகர்கோவில் வந்தாங்க. அந்த லாரி டிரைவரையே கல்யாணம் பண்ணி, ராஜம்மாள்னு பேரை மாத்தி, நடிச்சதைப் பத்திப் பேசாமலே வாழ்ந்து முடிச்சாங்க. திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவிலுக்கு லாரி வரணும்னா தக்கலை வழியாத்தான் வரணும். நம்ம கோட்டை மதிலுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்துல உள்ள ரோடுதான் அது. அந்த ராத்திரி அதுல போன பெண் யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

கொட்டகைக்குள்ள உக்கார காசு போதும், திரையில ஏற வேற தகுதி வேணும்னு அன்னைக்குச் சொல்லிட்டாங்க. டேனியலும் கடனாளியாகி, பல் டாக்டராகி, கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்துலயே கழிச்சு 1975ல போய்ச் சேர்ந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன்னு ஒரு பத்திரிகைக்காரர் விடாம எழுதினதாலதான் கேரளத்துக்கு அவர் ஞாபகம் வந்தது. 1992ல இருந்து அவர் பேர்லதான் கேரள அரசு பெரிய சினிமா விருது குடுக்குது. படத்தோட பிரதி ஒண்ணுகூட மிஞ்சல.

இதோட முடியல. டேனியலுக்குச் சொந்தக்காரர், நாகர்கோவில் ஆர். சுந்தர் ராஜ், 1933ல 'மார்த்தாண்ட வர்மா' எடுத்தார். சி.வி. ராமன் பிள்ளையோட நாவல். நம்ம பத்மநாபபுரத்துல இருந்து ஆண்ட ராஜா கதை. அதே கேப்பிட்டல் தியேட்டர்ல வெளியாச்சு. நாவல் உரிமை எங்களுடையதுன்னு புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், படத்தை நிப்பாட்டி, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பதிப்பாளர் கிட்டங்கியில கிடந்த அந்தப் பெட்டியை 1974ல புனே திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டுது. இன்னைக்கும் அங்க இருக்கு. முதல் படத்துக்குச் சாதி, ரெண்டாவது படத்துக்கு வக்கீல் நோட்டீசு. நாஞ்சில் நாட்டுக்காரன் சினிமா எடுத்த ராசி அப்படி.

இனி என் சின்ன வயசுக்கு வாறேன். எழுபதுகள்ல கும்பப்பூ அறுத்து முடிஞ்சதும், மாசி பங்குனியில, பக்கத்து ஏலாவுல டூரிங் டாக்கீஸ் போடுவாங்க. கன்னிப்பூவுக்கு உழவு தொடங்குற வரைக்கும்தான் வயல் சும்மா கிடக்கும், அந்தக் கணக்குல. லைசென்சும் கொஞ்ச காலத்துக்குத்தான் குடுப்பாங்க, பிறகு இடம் மாத்தணும். தாளடியைச் செதுக்கி ஆத்து மணல் கொட்டி நிரப்புவாங்க. முன்னால தரை, அதுக்குப் பின்னால பெஞ்சு, கடைசியில நாலு வரி மடக்கு நாற்காலி. ஒரே புரொஜெக்டர்ங்கிறதால ரீல் மாத்துறப்பல்லாம் பல்பு எரியும், அதனால ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை. சாயங்காலம் குழாய் ஸ்பீக்கர்ல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு கேட்டா டிக்கெட் குடுக்கத் தொடங்கியாச்சுன்னு அர்த்தம். தமிழ்ப் படமும் ஓடும், மலையாளப் படமும் ஓடும். எல்லைக் கல்லு 1956லயே நட்டாச்சு, ஆனா கொட்டகைக்காரன் அதைக் கவனிச்சதாத் தெரியல. வயல்காரனுக்கு வாடகை உண்டு. ஆனா கொட்டகை நின்ன இடத்துல கலப்பை இறங்காது. அவ்வளவு சனம் மிதிச்ச மண்ணு கல்லாட்டம் ஆயிரும். அடுத்த உழவுக்கு மாட்டுக்காரன் திட்டிக்கிட்டேதான் ஓட்டுவான்.

எங்க அப்பா ஒரு கதை சொல்லுவார். அப்பா நாலு காசு கையில இருந்தாலும் தரை டிக்கெட்தான் எடுப்பார். முன்னால இருந்தா பெருசாத் தெரியும்னு சாக்கு. அப்படி ஒரு நாள் படம் பாத்துக்கிட்டு இருக்கும்போ ரீல் மாத்த பல்பு எரிஞ்சுது. திரும்பிப் பாத்தா, எங்க வயல்ல ஏர் பூட்டுற ஆளு, பின்னால பெஞ்சுல, பெஞ்சாதியைப் பெண்கள் பக்கம் அனுப்பிட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கார். ரெண்டு பேரும் கண்ணும் கண்ணும் பாத்துக்கிட்டாங்க. வரப்புல அப்பா வந்தா தலைத்துண்டை இடுப்புல கட்டுற ஆளு அவர். கால் கீழ இறங்குச்சு. ஆனா ஆள் எந்திரிக்கல. அதுக்குள்ள பல்பு அணைஞ்சு படம் தொடங்கிருச்சு.

"நீங்க என்ன செஞ்சிய அப்பா?"ன்னு கேட்டா, "என்ன செய்ய, மக்கா? அவன் டிக்கெட் எடுத்திருந்தான்" அப்படிம்பார்.

மறுநாள் காலையில அவருக்கு எங்க வீட்டுப் பின்பக்கத்துலதான் கஞ்சி. பாளையில ஊத்தித்தான் குடுத்தாங்க. முந்தின ராத்திரியைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. அவர் முன்வாசல் வழியா எங்க வீட்டுக்குள்ள ஏறினது என் அக்கா கல்யாணத்துக்கு, பல வருஷம் கழிச்சு. கொட்டகை ஊரை மாத்திருச்சுன்னு நான் சொல்ல வரல. ராத்திரி மூணு மணி நேரம் ஒரு ஒழுங்கு, விடிஞ்சா வேற ஒழுங்கு. ஆனா அந்த மூணு மணி நேரம் இருந்தது. அப்பா அதை மறக்கல, அவரும் மறந்திருக்க மாட்டார்.

பெண்களுக்கும் அப்படித்தான். பொழுது இருட்டின பிறகு வீட்டை விட்டு இறங்க நியாயம்னு ரெண்டுதான் இருந்தது, கோவில் திருவிழாவும் சினிமாவும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, தென்னோலைச் சூட்டு கொளுத்திப் பிடிச்சுக்கிட்டு வரப்பு வழியா வருவாங்க. கொட்டகைக்குள்ள இடுப்பு உசரத்துக்கு ஒரு தட்டி, அந்தப் பக்கம் பெண்கள். அரண்மனை மண்டபத்துத் துளையை நினைச்சா இது எவ்வளவோ தேவல. முகம் தெரிய உக்காந்தாங்க. மணலைக் குவிச்சு மேடாக்கி அதுல உக்காருற சண்டையும் அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி.

படத்துக்கு முன்னால சர்க்கார் செய்திப்படம் கட்டாயம் போடணும். வெள்ளம், அணைக்கட்டு, நேரு, பிறகு இந்திரா காந்தி, பூச்சிமருந்து அடிக்கிற முறை. சனம் அந்நேரம் கடலை வாங்கப் போகும். எங்க அப்பா மட்டும் பூச்சிமருந்து வரும்போ கவனமாப் பாப்பார். கூடாரத்தை விட நிரந்தரக் கொட்டகையில இன்னும் பல காரியம் நடக்கும். நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போ பள்ளிக்கூட ஆண்டு விழா, அமெச்சூர் நாடகம், கட்சிக் கூட்டம், மழைக்காலத்துல வெளியே நடத்த முடியாத வில்லுப்பாட்டு, எல்லாத்துக்கும் அந்த ஒரு கூரைதான். பகல்ல வாடகை கொடுத்தா கூட்டம் வச்சுக்கலாம், ஆறரை மணிக்குள்ள காலி பண்ணணும். பேச்சாளர் நிறுத்தலேன்னா ஆபரேட்டர் பிள்ளையார் பாட்டைப் போட்டுருவார்.

எண்பதுகள்ல டிவியும் வீடியோ டெக்கும் வந்து கொட்டகையைச் சாய்ச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை நீட்ட வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு இன்னொண்ணும் உண்டு. 1982 மார்ச்ல மண்டைக்காட்டுக் கலவரம். அதுக்கு முன்னால கோவில் திருவிழாவுல திரை கட்டிப் படம் போட்டா எல்லா மதத்துப் பிள்ளைகளும் முன்வரிசையில இருப்பாங்க. சர்ச் திருவிழா நாடகத்துக்கும் அதே கூட்டம்தான். அதுக்குப் பிறகு, யாரும் தடுக்கல, ஆனா 'அங்க எதுக்குப் போற'ன்னு வீட்டுல கேக்கத் தொடங்கினாங்க. மைதானம் பிரிஞ்சுது. யாருக்கும் சொந்தமில்லாம, காசு குடுத்தா எல்லாருக்கும் சொந்தமா இருந்த இடம் கொட்டகை மட்டும்தான். சரியா அதே பத்துப் பதினைஞ்சு வருஷத்துலதான் அதுவும் மூடிக்கிட்டே வந்தது.

மூடினதுல நிறைய இடம் கல்யாண மண்டபம் ஆச்சு. அதே சுவர், அதே தூணு, மேடைக்கு மேல ஜிகினா. நானும் சாப்பிடப் போயிருக்கேன், குறை சொல்லல. ஆனா கல்யாண மண்டபத்துக்கு டிக்கெட் கிடையாது, அழைப்பு வேணும். பந்தியில யார் பக்கத்துல யார் உக்காருவாங்கன்னு சொந்தக்காரங்க ஏற்கனவே முடிவு பண்ணியிருப்பாங்க. தெரியாத ஆள் பக்கத்துல இருட்டுல உக்காந்து ஒரே இடத்துல சிரிக்கிற காரியம் அங்க நடக்காது. நகரத்து மல்டிபிளெக்ஸ்ல நடக்கும். ஆனா ஒரு குடும்பம் போய் வர்ற செலவுக்கு நான் ஒரு மூட்டை யூரியா வாங்கி, மீதிக் காசுக்குப் பிள்ளைகளுக்கு நேந்திரம் சிப்ஸும் வாங்கியிருவேன்.

நமக்கு மிச்சம் இருக்கிற ஒண்ணு படிப்பகம். திருவிதாங்கூரோட இருந்தப்போ ஒட்டிக்கிட்ட நல்ல பழக்கம் அது. 1945ல பி.என். பணிக்கர் அம்பலப்புழையில 47 கிராம நூலகங்களைச் சேர்த்து சங்கம் தொடங்கினார். அந்த இயக்கம் பரவின நாடுதான் இது. இங்க சின்ன ஊர்லயும் ஒரு ஓட்டுக் கட்டடம், ரெண்டு பெஞ்சு, தினப்பத்திரிகை, கேரம் போர்டு இருக்கும். எங்க பக்கத்துப் படிப்பகத்துப் பையன்க மாசம் ஒரு படம் போடணும்னு கிளம்பியிருக்கானுவ. முதல்ல கோவில் முன்னால போடலாம்னு ஒருத்தர் சொன்னார். சர்ச் ஹால் பெருசு, ஃபேன் உண்டுன்னு இன்னொருத்தர். ரெண்டு இடமும் தர சம்மதிச்சாங்க, நல்ல மனசோடதான். பையன்க ரெண்டையும் வேண்டாம்னுட்டு, படிப்பகத்து மேற்குச் சுவருக்கு வெள்ளையடிச்சு, பக்கத்து வாழைத்தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டு முன்னால பத்து சென்ட் தரிசைச் செதுக்கினானுவ. அது யாருக்கும் சம்மதமில்லாம யாருக்கும் வருத்தமும் இல்லாம ஆச்சு. இலவசமா, டிக்கெட்டான்னு ஒரு சண்டை வந்தது. நான் டிக்கெட்டுன்னு சொன்னேன். பத்து ரூபா போதும், ஆனா வாங்கணும். இலவசம்னா நடத்துறவன் வீட்டு விசேஷம் மாதிரி ஆயிரும், டிக்கெட்டுன்னா வந்தவன் யாருக்கும் கடமைப்பட்டவன் இல்ல. அதை ஒத்துக்கிட்டானுவ.

டேனியலைப் பத்தி 2013ல மலையாளத்துல கமல் எடுத்த 'செல்லுலாய்டு'தான் முதல் படம். வர்ற ரெண்டாம் சனிக்கிழமை ஏழு மணிக்கு. உக்கார பாய் கொண்டு வந்திருங்க, பெஞ்சு வயசானவங்களுக்கு மட்டும்தான் காணும். மழை பெஞ்சா அடுத்த சனிக்கிழமைக்கு மாத்தி வைப்பாங்க.